தாடியஸ் ஸ்டீவன்ஸ்: பழிவாங்க வந்தவரா, நிலம் கேட்டு நின்றவரா?

கேள்வி இது: அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் தோற்ற தெற்கு மாநிலங்களை விடாமல் நெருக்கிய பென்சில்வேனியாவின் நாடாளுமன்ற உறுப்பினர் தாடியஸ் ஸ்டீவன்ஸை ஒரு சாரார் சமத்துவத்துக்காக வாழ்ந்தவர் என்று போற்றுகிறார்கள், இன்னொரு சாரார் பழிவெறி கொண்ட கிழவர் என்று தூற்றுகிறார்கள். எது சரி? அவருடைய வாழ்க்கையை முழுமையாகச் சொல்ல முடியுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிமைகளை வைத்துச் செல்வம் சேர்த்த பெருந்தோட்ட உரிமையாளர்கள் மீது அவருக்குக் கடுங்கோபம் இருந்தது; அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. ஆனால் நாற்பது ஆண்டுப் பொதுவாழ்வில் அவர் எதற்காக வாக்களித்தார், எதற்காகத் தோற்றார் என்று வரிசையாகப் பார்த்தால், அந்தக் கோபத்தைவிட ஆழமான ஒரு நம்பிக்கை தெரிகிறது. படிப்பும் வாக்கும் சொந்த நிலமும் கைக்கு வராதவரை ஒரு மனிதனைச் சுதந்திரமானவன் என்று அழைப்பது வெறும் பேச்சு என்பதே அது. படிப்பில் அவர் வென்றார், வாக்கில் பாதி வென்றார், நிலத்தில் முழுவதுமாகத் தோற்றார். அந்தத் தோல்வியை விளங்கிக்கொள்ளாமல் அவரை எடைபோட முடியாது என்பதால், இந்தப் பதிலில் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் என்ற சிற்றூரில் 1792 ஏப்ரல் 4 அன்று அவர் பிறந்தார். ஒரு பாதம் பிறவியிலேயே வளைந்திருந்தது. அண்ணனுக்கோ இரண்டு பாதங்களும் அப்படி. தந்தை செருப்புத் தைக்கும் தொழிலும் சிறிது விவசாயமும் செய்தவர். பிள்ளைகள் வளர்ந்துவரும் காலத்திலேயே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். நான்கு ஆண்பிள்ளைகளையும் தாய் சாரா தனியாளாக வளர்த்தார். ஏரும் கோடரியும் பிடிக்க முடியாத மகன் படித்தால்தான் பிழைப்பான் என்று கருதி, நல்ல பள்ளி இருந்த பீச்சம் ஊருக்குக் குடும்பத்தோடு குடிபெயர்ந்தார். மகன் டார்ட்மவுத் கல்லூரியில் 1814-இல் பட்டம் பெற்றதற்கு அந்தத் தாயின் உழைப்பே காரணம். ஸ்டீவன்ஸ் இதை வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருந்தார். தாயின் கல்லறையருகே ரோஜாவும் பிற பூச்செடிகளும் நட்டுப் பராமரிக்கத் தம் உயிலில் பணம் ஒதுக்கினார்.

பட்டம் பெற்றபின் பென்சில்வேனியாவின் யார்க் நகரில் ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தார். உள்ளூர் வழக்கறிஞர்களின் விதி அவருக்குத் தடையாக நின்றதால், மேரிலாந்து எல்லைக்குள் சென்று அங்கே வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். 1816-இல் கெட்டிஸ்பர்க்கில் தொழில் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே அந்த வட்டாரத்தின் முதல்வரிசை வழக்கறிஞர் ஆனார். இளமையில் வந்த ஒரு நோயில் தலைமுடி முழுவதும் உதிர்ந்துவிட்டதால் பொய்முடி அணிந்தார். வளைந்த கால், இறுகிய முகம், எதிராளியை ஒரே வாக்கியத்தில் வாயடைக்கச் செய்யும் நாக்கு ஆகியவற்றோடு பின்னாளில் வாஷிங்டன் கண்ட உருவம் கெட்டிஸ்பர்க்கிலேயே வார்க்கப்பட்டுவிட்டது.

அவரைப் போற்றுபவர்கள் விரைவாகக் கடந்துபோக விரும்பும் ஒரு வழக்கை இங்கே சொல்லியாக வேண்டும். சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண் மேரிலாந்தில் அடிமையாக இருந்தவர். பென்சில்வேனியாவுக்குக் கொண்டுவரப்படும் அடிமை ஆறு மாதம் அங்கே இருந்தால் விடுதலை பெறலாம் என்பது அம்மாநிலச் சட்டம். பல தடவை வந்து தங்கிய நாட்களைக் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டுகிறது என்று அவர் தரப்பில் வாதிடப்பட்டது. அடிமையின் உரிமையாளருக்காக வழக்காடியவர் ஸ்டீவன்ஸ். விட்டுவிட்டு வந்த நாட்களைக் கூட்டிக் கணக்கிடக் கூடாது என்ற அவருடைய வாதத்தை மாநில உச்ச நீதிமன்றம் 1821-இல் ஏற்றுக்கொண்டது. அந்தப் பெண்ணும் அவருடைய பிள்ளைகளும் அடிமைத்தளையிலேயே விடப்பட்டார்கள். இந்த வழக்குதான் அவரை மாற்றியது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவரே அப்படிச் சொல்லி எழுதிவைக்கவில்லை என்பதால் நான் அதை உறுதியாகச் சொல்லமாட்டேன். ஆனால் 1823-இல் ஒரு பொது விருந்தில், அடுத்த குடியரசுத் தலைவர் எந்த மனிதனுக்கும் விலங்கு பூட்டாதவராக இருக்கட்டும் என்று கோப்பையை உயர்த்தியவரும் அவரே. அதற்குப் பிறகு, தப்பிவந்த அடிமைகளுக்காகக் கட்டணம் வாங்காமல் நீதிமன்றம் ஏறியவரும் அவரே.

அரசியலுக்குள் அவர் நுழைந்தது, ஃப்ரீமேசன் என்ற இரகசியச் சங்கத்தின் செல்வாக்கை எதிர்த்து அக்காலத்தில் தோன்றிய மேசன் எதிர்ப்புக் கட்சியின் வழியாக. 1833-இல் மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தக் கட்சியின் வழக்குகளும் விசாரணைகளும் இன்று யாருக்கும் தேவைப்படாதவை. ஆனால் அந்தச் சபையில்தான், 1835 ஏப்ரலில், தம் வாழ்நாளின் மிகப் பெரிய சாதனை என்று அவரே பின்னர் கருதிய காரியத்தைச் செய்தார்.

பென்சில்வேனியாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரிப்பணத்தில் பொதுப்பள்ளி அமைக்கும் சட்டம் 1834-இல் நிறைவேறியிருந்தது. அதற்கு முன் இலவசப் படிப்பு வேண்டுமென்றால், தாங்கள் ஏழைகள் என்று பெற்றோர் பதிவு செய்துகொள்ள வேண்டும். மானமுள்ள ஏழை அதற்கு இணங்காமல் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டான். புதிய சட்டம் இந்த அவமானத்தை நீக்கியது, ஆனால் வரியைக் கூட்டியது. தங்கள் தேவாலயப் பள்ளிகளைத் தாங்களே நடத்திவந்த ஜெர்மானிய வம்சாவளி விவசாயிகள் கொதித்தார்கள். அடுத்த தேர்தலில் இந்தச் சட்டத்தை ரத்து செய்வோம் என்று வாக்குக் கொடுத்து வந்த உறுப்பினர்களால் சபை நிறைந்தது. மாநில செனட் ரத்து மசோதாவை நிறைவேற்றியும் விட்டது. பிரதிநிதிகள் சபையிலும் அது நிறைவேறும் என்றே எல்லாரும் எண்ணியிருந்த நேரத்தில் ஸ்டீவன்ஸ் எழுந்து பேசினார். குற்றவாளியைப் பிடிக்கவும் சிறையில் வைக்கவும் முணுமுணுக்காமல் வரி கட்டுகிறவன், அயலான் குற்றவாளியாக ஆகாமல் தடுக்கும் பள்ளிக்கு மட்டும் ஏன் அழுகிறான் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. ஏழை என்று முத்திரை குத்திப் பிள்ளைகளைத் தனியே உட்காரவைக்கும் முறையை அவர் சாடியபோது, அது அவருடைய சொந்த அனுபவத்திலிருந்து வந்தது என்பதைச் சபை அறிந்திருந்தது. அப்போதைய ஆளுநர் ஜார்ஜ் வுல்ஃப் எதிர்க்கட்சிக்காரர், ஸ்டீவன்ஸின் அரசியல் எதிரி. ஆனாலும் பள்ளி விஷயத்தில் அவர் பக்கம் நிற்கும்படி தம் கட்சிக்காரர்களையே கேட்டுக்கொண்டார். ரத்து மசோதா தோற்றது. சட்டமன்றத்தில் ஒரு பேச்சு வாக்குகளைத் திருப்புவது எவ்வளவு அரிது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

1837-38-இல் மாநில அரசமைப்பைத் திருத்தக் கூடிய மாநாட்டில் அவரும் உறுப்பினர். அதுவரை சில இடங்களில் வாக்களித்துவந்த சுதந்திரக் கறுப்பின ஆண்களின் வாக்குரிமையை அந்த மாநாடு பறித்து, வாக்கை வெள்ளையருக்கு மட்டும் உரியதாக்கியது. அந்த ஆவணத்தில் கையெழுத்திட ஸ்டீவன்ஸ் மறுத்துவிட்டார். தெற்கைத் தண்டிப்பதற்காகத்தான் அவர் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பற்றிப் பேசினார் என்பவர்களுக்கு, போருக்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன்பே, அரசியல் லாபம் ஏதும் கிடைக்காத காலத்தில், வடக்கிலேயே, தம் சொந்த மாநிலத்திலேயே அவர் எடுத்த இந்த நிலை போதிய பதில்.

இதற்கிடையே அவர் நடத்திய இரும்பு உருக்காலைகள் பெருங்கடனில் கொண்டுபோய் விட்டன. கடனை அடைக்க நல்ல வருமானம் வேண்டும் என்பதால் 1842-இல் செல்வச் செழிப்பான லங்காஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்து, வழக்கறிஞர் தொழிலில் ஈட்டியதைக்கொண்டு கடனை அடைத்தார். அங்கே அவருடைய வீட்டை 1840-களின் பிற்பகுதியிலிருந்து நிர்வகித்தவர் லிடியா ஹாமில்டன் ஸ்மித். கலப்பின வம்சாவளியைச் சேர்ந்த கைம்பெண், இரண்டு மகன்களின் தாய். ஸ்டீவன்ஸ் மணம் செய்துகொள்ளவே இல்லை. ஆகவே இருவரையும் இணைத்து வதந்திகள் அவர் உயிரோடு இருக்கும்போதே பரவின, எதிரிக்கட்சிப் பத்திரிகைகளும் எழுதின. அவர்களுடைய உறவு எத்தகையது என்பதற்கு ஆதாரம் எதுவும் எஞ்சவில்லை. ஊகித்துப் பேசுவதில் எனக்கு விருப்பமும் இல்லை. ஆவணங்களில் தெரிவது, வீட்டுக்கு வருபவர்கள் அவரை மரியாதையோடு 'திருமதி ஸ்மித்' என்றே அழைக்க வேண்டும் என்று ஸ்டீவன்ஸ் எதிர்பார்த்ததும், அந்த அம்மையார் தம் சொந்தத் திறமையால் வீடும் நிலமும் வாங்கி விற்கும் தொழில்முனைவோராக உயர்ந்ததும்தான்.

1848 தேர்தலில், அக்காலத்துப் பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சியின் சார்பில் தேசிய நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்க வடக்கு மாநிலத்தவரும் கடமைப்பட்டவர்கள் என்ற 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். மறு ஆண்டே அந்தச் சட்டம் அவருடைய வட்டாரத்துக்கே வந்தது. லங்காஸ்டர் மாவட்டத்தின் கிறிஸ்டியானா என்ற ஊரில், 1851 செப்டம்பரில், தம்மிடமிருந்து தப்பியவர்களைப் பிடிக்க ஆட்களோடு வந்த மேரிலாந்து அடிமை உரிமையாளர் எட்வர்ட் கோர்சச் மோதலில் கொல்லப்பட்டார். முப்பதுக்கும் மேற்பட்டோர்மீது தேசத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்டது. முதலில் விசாரிக்கப்பட்ட காஸ்ட்னர் ஹான்வே, பிடிக்க வந்தவர்களுக்கு உதவ மறுத்த ஒரு மாவாலைக்காரர், வெள்ளையர். அவருடைய வழக்கறிஞர் குழுவில் ஸ்டீவன்ஸ் இருந்தார். பிலடெல்பியாவில் நடந்த அந்த விசாரணையின் முடிவில், நடுவர் குழு ஏறத்தாழ கால் மணி நேரத்தில் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. மற்றவர்கள்மீதான துரோக வழக்கும் அதோடு கலைந்தது. இந்தத் துணிவுக்கு விலை இருந்தது. 1852-இல் கட்சி அவரை மீண்டும் நிறுத்தவில்லை. குடியரசுக் கட்சி உருவாகி, அதன் உறுப்பினராக 1858 தேர்தலில் வென்று திரும்பியபோது அவருக்கு வயது 66. நாம் இன்று நினைவுகூரும் ஸ்டீவன்ஸின் பெரும்பகுதி அந்த வயதுக்குப் பிறகு வந்தது.

போர் தொடங்கிய 1861-இல் பிரதிநிதிகள் சபையின் வருவாய் வழிவகைக் குழுவுக்குத் தலைவரானார். வரி, கடன், செலவு எல்லாம் அந்தக் குழுவின் கையில். படைக்குச் சம்பளம் கொடுக்கத் தங்கம் இல்லாத நிலையில், 1862 பிப்ரவரியில் 15 கோடி டாலர் காகிதப் பணத்தை வெளியிட்ட சட்டத்தை அவர் சபையில் நடத்திச்சென்றார். கடன் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு வட்டியை மட்டும் நாணயமாகத் தரவேண்டும் என்று செனட் திருத்தியது அவருக்கு ஆத்திரமூட்டியது. போர்முனையில் நிற்பவனுக்குக் காகிதம், வங்கிக்காரனுக்குப் பொன் என்று ஒரே நாட்டில் இரண்டு பணமா என்பது அவருடைய கேள்வி. போரின் தொடக்கத்திலிருந்தே, அடிமைகளை விடுவித்துப் படையிலும் சேர்க்க வேண்டும் என்று லிங்கனை நெருக்கியவர்களில் அவர் முன்னணியில் இருந்தார். லிங்கன் தாமதிப்பதாகக் குறை சொன்னார். ஆனால் அடிமை முறையை ஒழிக்கும் 13-ஆவது திருத்தம் 1865 ஜனவரி 31 அன்று 119-க்கு 56 என்ற கணக்கில் சபையில் நிறைவேறியபோது, இருவரும் ஒரே பக்கத்தில் உழைத்திருந்தார்கள்.

கெட்டிஸ்பர்க் சண்டைக்குச் சில நாட்களுக்கு முன், 1863 ஜூன் இறுதியில், தென் படைத்தளபதி ஜூபல் எர்லி ஸ்டீவன்ஸின் கலிடோனியா இரும்பு ஆலையை வேண்டுமென்றே எரித்தார். பின்னாளில் அவர் தெற்கின் மீது காட்டிய கடுமைக்கு இதுவே காரணம் என்று எழுதுபவர்கள் உண்டு. காலவரிசையே இதை மறுக்கிறது: அவருடைய நிலைப்பாடுகள் எல்லாம் ஆலை எரிவதற்கு முன்பே எடுக்கப்பட்டவை. செய்தி வந்ததும் அவர் எழுதிய கடிதத்தில் தம் நட்டத்தை எதிர்பார்த்ததுதான் என்று ஒதுக்கிவிட்டு, வேலை இழந்த குடும்பங்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்பதையே கவலையாக வைத்தார்.

இனி நிலத்துக்கு வருகிறேன். லிங்கன் கொல்லப்பட்டு, துணைத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் 1865 ஏப்ரலில் பதவியேற்றார். ஜான்சன் தென்னாட்டவர், ஏழ்மையில் பிறந்தவர். தோட்ட முதலாளிகளை வெறுப்பவர் என்று பெயர் எடுத்தவர். ஆகவே அவர் கடுமையாக இருப்பார் என்றே எதிர்பார்த்தார்கள். நடந்ததோ வேறு. மன்னிப்புகளை வாரி வழங்கி, பறிமுதல் செய்த நிலங்களைப் பழைய உரிமையாளர்களிடமே திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான், வடபடைத் தளபதி ஷெர்மன் தென் கரோலினா, ஜார்ஜியா கடற்கரைப் பகுதிகளில் விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரை ஒதுக்க ஆணையிட்டிருந்தார். ஏறத்தாழ 40,000 பேர் குடியேறி உழவும் தொடங்கியிருந்தார்கள். ஜான்சனின் உத்தரவுக்குப்பின் அவர்களில் பெரும்பாலோரை வெளியேற்றும் வேலை அதே இராணுவத்தின் தலையில் விழுந்தது. தெற்கின் புதிய சட்டமன்றங்கள், ஆண்டுதோறும் எழுத்தில் வேலை ஒப்பந்தம் வைத்திராத கறுப்பினத்தவரை நாடோடி என்று கைதுசெய்யும் சட்டங்களை இயற்றின. மிசிசிப்பி ஒருபடி மேலே போய், நகரங்களுக்கு வெளியே அவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதையே தடுத்தது. விடுதலை பெற்றவனைப் பழைய எசமானின் வயலுக்கே திருப்பி அனுப்ப எது போதும் என்பதை அந்தச் சட்டமன்றங்கள் துல்லியமாக அறிந்திருந்தன.

ஸ்டீவன்ஸும் அறிந்திருந்தார். 1865 செப்டம்பர் 6 அன்று லங்காஸ்டரில் ஆற்றிய உரையில் தம் கணக்கை விரித்துவைத்தார். கிளர்ச்சி மாநிலங்களில் மொத்தம் 46.5 கோடி ஏக்கர் நிலம். அதில் ஏறத்தாழ 39.4 கோடி ஏக்கர், தலைக்கு 200 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் சுமார் 70,000 பேரிடமும் அந்த மாநில அரசுகளிடமும் இருக்கிறது. இதைப் பறிமுதல் செய்வோம். விடுதலை பெற்ற வயதுவந்த ஆண்கள் பத்து இலட்சம் பேர் என்று கொண்டால், ஆளுக்கு நாற்பது ஏக்கர் வீதம் 4 கோடி ஏக்கர் போதும். மீதியை விற்றுப் போர்க்கடனை அடைப்போம், போர்வீரர்களுக்கு ஓய்வூதியம் கொடுப்போம், போரில் சொத்தை இழந்த விசுவாசமான குடிமக்களுக்கு ஈடு செய்வோம். இந்த எண்களின் துல்லியத்தைப் பற்றி விவாதிக்கலாம். ஆனால் திட்டத்தின் வடிவத்தைப் பாருங்கள். 200 ஏக்கருக்குக் குறைவாக வைத்திருந்த வெள்ளைச் சிறு விவசாயியின் ஒரு சாண் நிலமும் இதில் தொடப்படவில்லை; ஏழைகள் தங்கள் வட்டாரத்துப் பணக்காரர்களால் இழுக்கப்பட்டே கிளர்ச்சியில் சேர்ந்தார்கள் என்பது அவர் எண்ணம். ஒரு பிராந்தியத்தையே பழிவாங்க நினைத்தவர் அதன் மக்களில் பெரும்பாலோரைத் தொடாத வகையில் கணக்குப் போட்டிருக்கமாட்டார். ஒரு வர்க்கத்தின் பிடியை உடைக்க நினைத்தவரே இப்படிப் போடுவார்.

அவருடைய கட்சியே இதைக் கேட்டு நடுங்கியது. வடக்கின் ஆலை முதலாளிகளுக்குத் தெற்கின் பருத்தி தேவைப்பட்டது. கையில் நாற்பது ஏக்கர் வைத்திருப்பவன் தன் வீட்டுக்குத் தானியம் விதைப்பான், பருத்தி விதைப்பானா என்ற கவலை. அதைவிடப் பெரிய அச்சம் ஒன்றும் இருந்தது. தெற்கின் சார்ல்ஸ்டனில் நிலச் சொத்து புனிதமானது அல்ல என்று ஒருமுறை சட்டம் செய்துவிட்டால், நாளை வடக்கின் பாஸ்டனில் ஆலைச் சொத்து மட்டும் எப்படிப் புனிதமாகும்? 1866 பிப்ரவரியில், விடுதலை பெற்றோர் நலத்துறை மசோதாவில் நிலம் தரும் திருத்தத்தை ஸ்டீவன்ஸ் கொண்டுவந்தபோது 37 பேர் ஆதரித்தார்கள், 126 பேர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் அவருடைய கட்சிக்காரர்கள்.

நிலம் கிடைக்காத இடத்தில் அரசியல் அதிகாரத்தையாவது உறுதிசெய்ய வேண்டியிருந்தது. 1865 டிசம்பரில் காங்கிரஸ் கூடியபோது, தெற்கிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர்களில், பிரிந்துபோன மாநிலங்கள் அமைத்த தென் கூட்டமைப்பில் பதவி வகித்தவர்களும் இருந்தார்கள். அதன் துணைத் தலைவராகவே இருந்த அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸை (பெயர் ஒலிப்பில் மட்டும் ஒற்றுமை; இவர் வேறு ஆள்) அடுத்த மாதமே ஜார்ஜியா செனட்டுக்கு அனுப்பத் தேர்ந்தது. சபையின் எழுத்தர் எட்வர்ட் மெக்பெர்சன், முன்கூட்டியே முடிவுசெய்தபடி, வருகைப் பட்டியலைப் படிக்கும்போது தென்மாநிலங்களின் பெயர்களையே விட்டுவிட்டார். அவர் கெட்டிஸ்பர்க்காரர், ஸ்டீவன்ஸின் நெடுநாள் நண்பர். அன்றே, தெற்கின் நிலையை ஆராய 15 பேர் கொண்ட இரு சபைக் கூட்டுக்குழுவுக்கான தீர்மானத்தை ஸ்டீவன்ஸ் நிறைவேற்றிக்கொண்டார். இது சூழ்ச்சி என்றால் சூழ்ச்சிதான். ஆனால் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அடிமை முறை இருந்தவரை, மக்கள்தொகைக் கணக்கில் ஐந்து அடிமைகள் மூன்று பேராக எண்ணப்பட்டார்கள். ஒழிந்தபின் ஐவரும் ஐவராகவே எண்ணப்படுவார்கள். அவர்களுக்கு வாக்கு இல்லாவிட்டால், கிளர்ச்சி செய்து தோற்ற அதே ஆட்கள் முன்னைவிட அதிக இடங்களோடு காங்கிரசில் வந்து உட்காருவார்கள்.

இதிலிருந்துதான் 14-ஆவது திருத்தம் பிறந்தது. அமெரிக்காவில் பிறந்த எவரும் குடிமகன். எந்த மாநிலமும் எவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது. ஆண்களின் வாக்கை மறுக்கும் மாநிலத்துக்குப் பிரதிநிதித்துவம் குறையும். முதல் பிரிவின் சொற்களை அமைத்ததில் சக உறுப்பினர் ஜான் பிங்காமின் பங்கு பெரிது. அதைச் சபையில் கரைசேர்த்தவர் ஸ்டீவன்ஸ். அந்தச் சமமான பாதுகாப்பு என்ற கருத்தும் சொற்றொடரும் இந்திய அரசமைப்பின் 14-ஆவது உறுப்பில் இடம்பெற்றிருப்பதால், நம் நீதிமன்றங்களில் இன்றும் அது நாள்தோறும் ஒலிக்கிறது.

ஸ்டீவன்ஸுக்கு இந்தத் திருத்தத்தில் நிறைவு இல்லை. வாக்குரிமையை அது நேரடியாகக் கொடுக்கவில்லை. 1866 ஜூன் 13 அன்று இறுதி வாக்கெடுப்புக்கு முன் அவர் பேசியது, என் பார்வையில், அவருடைய பேச்சுகளிலேயே மிக நேர்மையானது. என்றேனும் ஒருநாள் நாட்டின் அமைப்புகள் அனைத்தையும் புதிதாக வார்க்கும் வாய்ப்பு வரும், அப்போது மனிதருக்குள் எந்த ஏற்றத்தாழ்வும் மிஞ்சாது என்று இளமையிலிருந்து கனவு கண்டதாகவும், அந்தக் கனவு கலைந்துவிட்டதாகவும், பழைய கட்டடத்தின் மிக மோசமான பகுதிகளை ஒட்டுப்போடுவதோடு நிறைவடைய வேண்டியிருப்பதாகவும் சொன்னார். பிறகு ஏன் இந்தக் குறையுள்ள ஏற்பாட்டை ஏற்கிறீர் என்று கேட்பவர்களுக்கு, தாம் தேவதூதர்களிடையே வாழவில்லை, மனிதர்களிடையே வாழ்வதால் ஏற்பதாகப் பதில் சொன்னார். 120-க்கு 32 என்று திருத்தம் நிறைவேறியது. பிடிவாதக்காரர் என்று பெயர் வாங்கிய இவர் கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு மேலும் கேட்கத் தெரிந்தவர்.

ஜான்சனின் பிடிவாதமும், 1866-இல் மெம்பிசிலும் நியூ ஆர்லியன்சிலும் கறுப்பின மக்கள்மீது நடந்த படுகொலைகளும் வடக்கின் வாக்காளர்களைத் திருப்பின. அவ்வாண்டுத் தேர்தலில் குடியரசுக் கட்சி மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடங்களைப் பிடித்தது. 1867 மார்ச் 2 அன்று ஜான்சனின் மறுப்பைத் தள்ளிவிட்டு, பத்துத் தென்மாநிலங்களை ஐந்து இராணுவ மாவட்டங்களாக்கி, கறுப்பின ஆண்களும் வாக்களித்து அமைக்கும் புதிய அரசமைப்புகளைக் கட்டாயமாக்கும் சட்டம் நிறைவேறியது. அதே மாதத்தில், 74 வயதில், எழுந்து நிற்கவே முடியாத உடலோடு, நாற்பது ஏக்கர் மசோதாவை மீண்டும் கொண்டுவந்தார். சபை மரியாதையோடு கேட்டுக்கொண்டு, அதைக் கிடப்பில் போட்டது.

1868-இல் ஜான்சன்மீதான பதவிநீக்க முயற்சி அவருடைய கடைசிப் போராட்டம். அதில் அவருடைய சிறந்த முகத்தை நான் காணவில்லை. போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனை நீக்கியது, செனட்டின் ஒப்புதலின்றி அத்தகைய அதிகாரிகளை நீக்கத் தடைவிதித்த பதவிக்காலச் சட்டத்தை மீறிய செயல் என்ற குற்றச்சாட்டு வலுவற்ற அடித்தளம். காங்கிரசின் சட்டங்களை நிறைவேற்றவிடாமல் தடுத்தார் என்பதே ஜான்சன்மீதான உண்மையான குற்றம். அதை ஓரளவு பிடித்தது ஸ்டீவன்ஸ் தூண்டிச் சேர்த்த 11-ஆவது குற்றச்சாட்டு. பிப்ரவரி 24 அன்று சபை 126-க்கு 47 என்று குற்றம் சாட்டியது. விசாரணைக்கு அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். தம் உரையைத் தொடங்கிக் குரல் எழாமல் போகவே, மீதியைச் சக உறுப்பினர் பெஞ்சமின் பட்லர் படித்தார். மே 16 அன்று செனட்டில் 35-க்கு 19. தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்குக் குறைந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 11 நள்ளிரவில் வாஷிங்டனில் உயிர் நீத்தார். 14-ஆவது திருத்தம் அரசமைப்பில் சேர்ந்துவிட்டதை அவர் உயிரோடு இருந்து கண்டார். நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் வைக்கப்பட்ட உடலுக்குக் கறுப்பினப் படைவீரர்கள் காவல் நின்றார்கள். லங்காஸ்டரின் பெரிய இடுகாடுகள் கறுப்பினத்தவரை ஏற்காதவை என்பதால், எல்லாரையும் ஏற்கும் ஒரு சிறு இடுகாட்டைத் தேர்ந்திருந்தார். அதற்கான காரணத்தையும் தாமே எழுதிக் கல்லில் பொறிக்கச் செய்தார். உயிலில் திருமதி ஸ்மித்துக்கு ஒரே தொகையாக 5,000 டாலரோ ஆண்டுக்கு 500 டாலரோ எடுத்துக்கொள்ள உரிமை கொடுத்தார். குடியை விட்டால் மட்டுமே சொத்து என்று தம் சகோதரரின் மகனுக்கு நிபந்தனை விதித்து, தவறினால் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் அமைக்கச் சொன்னார். அங்கே நிறமோ இனமோ பார்க்காமல் சேர்க்க வேண்டும், ஒரே வகுப்பில் படிக்கவைக்க வேண்டும், ஒரே பந்தியில் சோறு போடவேண்டும் என்பது உயிலின் கட்டளை. லங்காஸ்டரில் இன்றும் அவர் பெயரில் இயங்கும் தொழில்நுட்பக் கல்லூரி அந்த உயிலின் வழிவந்தது.

பழிவெறியர் என்ற படிமம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால் கேள்விக்கான பதில் முழுமையாகும். 1877-க்குப்பின் தெற்கில் வெள்ளையர் ஆதிக்கம் மீண்டது. அதை நியாயப்படுத்த, போருக்குப் பிந்தைய மறுசீரமைப்பு ஆண்டுகள் முழுவதும் ஊழலும் கொடுமையுமே என்று சொல்லும் வரலாறு தேவைப்பட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எழுதிக் கொடுத்தார்கள். 1915-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஒரு மௌனப் படம், ஸ்டீவன்ஸைத் தழுவிய வில்லனோடு அதை இலட்சக்கணக்கானோரிடம் கொண்டுசேர்த்தது. கறுப்பின வரலாற்றாசிரியர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் 1930-களிலேயே இந்த வரலாற்றை ஆதாரங்களோடு மறுத்தார். கல்வியுலகம் அவரை ஏற்க இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று.

ஸ்டீவன்ஸின் நில மசோதா செத்துப்போனதன் விலையைக் கொடுத்தவர்கள் தெற்கின் விடுதலை பெற்ற உழவர்கள். பழைய எசமானின் நிலத்தில் விளைச்சலில் பங்குக்கு உழுது, விதைக்கும் உணவுக்கும் அவனிடமோ ஊர்க் கடைக்காரனிடமோ கடன் வாங்கி, அறுவடையில் அந்தக் கடனே தீராமல் அடுத்த ஆண்டும் அதே வயலில் இறங்கினார்கள். வாக்குச்சாவடிக்குப் போனால் குடிசையைக் காலி செய் என்று சொல்ல நிலக்காரனுக்கு முடிந்தது. பின்னர் வந்த 15-ஆவது திருத்தத்தின் வழியாக அரசமைப்பு எழுத்தில் கொடுத்த வாக்குரிமையைத் தென்மாநிலங்கள் 1890-களில் ஒவ்வொன்றாகப் பறித்தபோது, எதிர்த்து நிற்கக் கால் ஊன்ற இடமில்லாதவர்களாகவே அவர்களில் பெரும்பாலோர் இருந்தார்கள்.